பிரவுனி மேரியின் அடுப்பும் பத்து மில்லிகிராமும்

1981 ஜனவரி 14 இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. 18 பவுண்டுக்கு மேல் கஞ்சா கிடைத்தது. கூடவே 54 டஜன் பிரவுனி. கணக்குப் பார்த்தால் 648 துண்டுகள். வீட்டுக்காரர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. வாழ்நாளில் பெரும்பகுதியை ஓட்டல்களில் பரிமாறியே கழித்தவர். பெயர் மேரி ஜேன் ராத்பன். பிற்காலத்தில் ஊரே அவரைப் பிரவுனி மேரி என்று கூப்பிட்டது.

மேரியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவருடைய துணிச்சலை, கருணையை, கெட்ட வார்த்தைகள் சரளமாகப் புழங்கிய வாயை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மருத்துவமனை பார்மசிஸ்டாக வேலை பார்ப்பவள் நான். எனக்கு அந்த 648 துண்டுகளைப் பற்றி வேறொரு கேள்வி உண்டு. ஒரு துண்டில் மருந்து எவ்வளவு இருந்தது? அன்றைக்கு ஒரு வீட்டுச் சமையலறையில் அதை அளக்க வழியே இல்லை. கஞ்சாவைத் தின்பண்டமாக்கும் பழக்கத்தின் சரித்திரத்தில் என்னை ஈர்ப்பது இந்த இடம்தான். சமைக்கும் முறை எப்போதோ தெரிந்துவிட்டது. அளக்கும் முறை வந்து சேர நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

சமையல் முறையைத் துல்லியமாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். வில்லியம் புரூக் ஓஷானசி, அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இவரே. கஞ்சாவைப் பற்றி 1839ல் அவர் எழுதிய கட்டுரையில் மாஜூன் என்ற இனிப்பைச் செய்யும் விதம் வருகிறது. கல்கத்தாவில் கஞ்சாப் பிரியர்கள் கூடும் இடம் ஒன்றை நடத்திய அமீர் என்பவரிடம் கேட்டு எழுதியது. நாலு அவுன்ஸ் இலை, அதே எடைக்கு நெய், கூடவே தண்ணீர். கரியடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் முழுக்க வற்றியதைப் பாத்திரத்தின் ஓரத்தில் நெய் சடசடக்கும் சத்தம் சொல்லிவிடும். சூட்டோடு துணியில் பிழிந்து, சக்கையை எறிந்துவிட்டு, நெய்யைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்துக் கட்டியாக்குவார்கள். கும்பகோணத்தில் எங்கள் அத்தை வெண்ணெய் காய்ச்சும்போது இப்படித்தான் காதை வைத்துப் பதம் சொல்வார்.

அமீருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அவர் செய்ததில் ஒரு படியைக்கூட விட முடியாது. பச்சை இலையிலும் பூவிலும் இருப்பது பெரும்பாலும் போதை தராத ஓர் அமிலம். சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போய், போதை தரும் டி.எச்.சி. உண்டாகிறது. அந்த டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அடுப்பு முதல் வேலையைச் செய்தது, நெய் இரண்டாவதைச் செய்தது. இன்று கலிபோர்னியாவில் வீட்டுச் சமையலறைகளில் வெண்ணெயில் கஞ்சா இறக்குகிறவர்கள் செய்வதும் இதையேதான்.

அளவு விஷயத்திலும் ஓஷானசி அக்கறை காட்டினார். மாஜூனில் ஒரு டிராக்ம், அதாவது ஏறக்குறைய 4 கிராம், புதியவருக்குப் போதை ஏற்றப் போதும், பழகியவருக்கு மூன்று டிராக்ம் வேண்டும் என்று குறித்தார். ஆனால் அவருடைய நோயாளி ஒருவருக்கு நடந்ததைப் படித்தால் அந்தக் கணக்கு எவ்வளவு உறுதியில்லாதது என்று புரியும். வாத நோய்க்காரர் ஒருவருக்குப் பிற்பகல் 2 மணிக்கு ஒரு கிரெயின் கஞ்சாப் பிசினைக் கரைத்துக் கொடுத்தார்கள். கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். 4 மணிக்கு அவர் ஓயாமல் பேசினார், பாடினார், இன்னும் சாப்பாடு வேண்டும் என்றார். 6 மணிக்குத் தூங்கிவிட்டார். 8 மணிக்குப் பார்த்தால் உணர்வில்லை. கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மருத்துவர்களுக்கே கலக்கம். நள்ளிரவு தாண்டித்தான் தெளிந்தார். மருந்து கொடுத்த நேரத்துக்கும் அது உச்சத்துக்குப் போன நேரத்துக்கும் நடுவே ஓடிய அந்த மணிக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டென்வருக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

ஓஷானசி இந்த மருந்தை லண்டனுக்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக்கடை அலமாரியில் கஞ்சாச் சாறு புட்டிகள் நின்றன. அமெரிக்க மருந்து நூலில் 1850 வாக்கில் இடம்பிடித்து 1942ல் நீக்கப்பட்டது. 1937ன் கஞ்சா வரிச் சட்டமே அதைக் கொன்றது என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான். தொழில்முறையில் பார்த்தால் மருந்து அதற்கு முன்பே தளர்ந்துபோயிருந்தது. ஒரு புட்டி வேலையே செய்யாது. அடுத்த புட்டி ஆளைச் சாய்த்துவிடும். எந்தப் பொருள் வேலை செய்கிறது என்றே தெரியாதபோது அதை எப்படி அளப்பது? ரபேல் மெக்கோலமும் யெஹியேல் கவோனியும் இஸ்ரேலில் டி.எச்.சி.யைத் தூய வடிவில் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னது 1964ல்தான். போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷை, அதாவது கஞ்சாப் பிசினை, வாங்கிக்கொண்டு மெக்கோலம் பஸ்ஸில் ஆய்வகத்துக்குப் போனார். இந்தத் துறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

பிரவுனிக்கு வருகிறேன். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கரான ஆலிஸ் பி. டோக்லஸ் 1954ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஹஷீஷ் இனிப்பு ஒன்றுக்குக் குறிப்பு இருந்தது. குறிப்பு அவருடையதல்ல. டாஞ்சியரில் வாழ்ந்த ஓவியர் பிரையன் கைசின் கொடுத்தது. மிளகு, ஜாதிக்காய், பட்டை, கொத்தமல்லி விதை, பேரீச்சை, அத்தி, பாதாம், வேர்க்கடலை, வெண்ணெய், சர்க்கரை. சாக்லேட்டும் கிடையாது, மாவும் கிடையாது, ஓவனும் கிடையாது. கல்கத்தா மாஜூனின் மொராக்கோ உறவினர் அது. இரண்டு துண்டு போதும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. பிரிட்டிஷ் பதிப்பில் வந்த அந்தக் குறிப்பை முதல் அமெரிக்கப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1968ல் பீட்டர் செல்லர்ஸ் நடித்த ஹாலிவுட் படம் டோக்லஸின் பெயரையே தலைப்பில் வைத்துக்கொண்டு இனிப்பை மட்டும் பிரவுனியாக்கிவிட்டது. அமெரிக்க வீடுகளில் எல்லோருக்கும் செய்யத் தெரிந்த பலகாரம் அது. கஞ்சாவின் பச்சை வாடையைக் கோகோ மறைத்தது. வெண்ணெயும் தாராளம்.

1970களின் சான் பிரான்சிஸ்கோவில் இது வீட்டுத் தொழிலாகவே ஆனது. ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ் பிரவுனிஸ் என்ற பெயரில் மெரிடி வோல்ஸ் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் பிரவுனிகள் விற்றார். தானே படம் வரைந்த பைகளில் போட்டுக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். குழந்தையாக அம்மாவோடு அந்தத் தெருக்களைச் சுற்றிய மகள் ஆலியா வோல்ஸ், 2020ல் அதையெல்லாம் புத்தகமாக எழுதினார். அந்தக் காலத்து வீட்டு பேக்கரிகளைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

மேரியும் அதே நகரத்தில், அதே காலத்தில், வருமானத்துக்குத் துணையாக பேக் செய்தவர்தான். 1970களின் தொடக்கத்தில் ஒரே மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். 1981 கைதுக்கு நீதிமன்றம் கொடுத்தது மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 500 மணி நேர சமூக சேவையும். அந்தச் சேவைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதே 1981 ஜூனில்தான் எய்ட்ஸின் முதல் அறிக்கை வெளியானது. நோயாளிகளுக்கு உதவும் சாந்தி புராஜெக்ட் போன்ற அமைப்புகளில் சேவை செய்யப் போனவர், நகரத்தின் காஸ்ட்ரோ பகுதியில் தனக்குத் தெரிந்த இளைஞர்கள் எலும்பும் தோலுமாவதைப் பார்த்தார். அவர்கள் பிரவுனி தின்ற அன்று சாப்பாடு இறங்குவதையும் பார்த்தார். விற்பனை நின்றது. பிரவுனி இலவசமானது. கஞ்சா பயிரிடுகிறவர்கள் இலையைத் தானமாகக் கொடுத்தார்கள். 1982ல் மறுபடி கைது. 1984லிருந்து சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் வெளிநோயாளர் பிரிவான வார்டு 86ல் வாரந்தோறும் தொண்டூழியம். 1986ல் அந்த மருத்துவமனையே அவரை ஆண்டின் சிறந்த தொண்டராக அறிவித்தது. நோயாளிகளை அவர் தன் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்.

ஏன் தின்பண்டம்? நிமோனியாவில் நுரையீரல் நைந்துபோனவர்களுக்குப் புகை ஆகாது. ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்து வந்த பிறகு குமட்டல் இன்னும் கூடியது. இதற்கு மருந்துக்கடையிலும் ஒன்று இருந்தது. 1985ல் அனுமதி பெற்ற ட்ரோனாபினால். செயற்கையாகச் செய்த அதே டி.எச்.சி.தான், நல்லெண்ணெயில் கரைத்து உருண்டை மாத்திரைக்குள் அடைத்தது. 2.5, 5, 10 மில்லிகிராம் என மூன்று அளவு. இந்த மாத்திரையை நானும் எண்ணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எய்ட்ஸ் நோயாளியின் பசிக்கு இதைக் கொடுக்கலாம் என்ற அனுமதி 1992ல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். ஒரு பக்கம் அளவு அச்சிட்ட மாத்திரை, எட்டாத இடத்தில். இன்னொரு பக்கம் அளவே தெரியாத பிரவுனி, படுக்கைக்கே வந்தது. மேரி செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வார்டில் பசியோடு சாவதைவிடத் தூக்கிப்போடும் ஒரு துண்டு மேல்.

1992 ஜூலையில் சோனோமா மாவட்டத்தில் மூன்றாவது கைது. அப்போது ஆம்ஸ்டர்டாமில் எய்ட்ஸ் மாநாட்டில் இருந்த டாக்டர் டொனால்ட் ஏப்ரம்ஸ் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தார். அதே பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர் அவர். தங்கள் வார்டுத் தொண்டரைப் போலீஸ் பிடித்த செய்தி அவரைக் கஞ்சா ஆராய்ச்சிக்குத் தள்ளியது. ஆய்வுக்கு மத்திய அரசின் சம்மதம் வாங்க 1997 ஆயிற்று. மூன்றாவது கைதிலும் மேரி சிறைக்குப் போகவில்லை. 1992 ஆகஸ்ட் 25ஐப் பிரவுனி மேரி தினம் என்று நகரசபை அறிவித்தது. அவருடைய தோழர் டென்னிஸ் பெரோன் நடத்திய இயக்கத்தின் பலனாக 1996ல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவைச் சட்டமாக்கினார்கள். மேரி 1999 ஏப்ரல் 10 அன்று, 76 வயதில் காலமானார்.

அளவு இன்னும் வரவில்லை. அது வர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

2014 ஜனவரி 1 அன்று கொலராடோவில் 21 வயது நிரம்பியவர்கள் யாரும் கடையில் கஞ்சா வாங்கலாம் என்றானது. மார்ச்சில், பக்கத்து மாநிலத்திலிருந்து டென்வருக்கு வந்த 19 வயது மாணவர் ஒருவருக்காக, 23 வயது நண்பர் கடையில் ஒரு குக்கி வாங்கினார். மொத்தம் 65 மில்லிகிராம் டி.எச்.சி., ஆறு வேளைக்கானது. ஒரு துண்டுதான் சாப்பிட வேண்டும் என்று கடையில் சொல்லி அனுப்பினார்கள். மாணவர் ஒரு துண்டுதான் தின்றார். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. மீதி முழுவதையும் தின்றுவிட்டார். அடுத்த இரண்டரை மணி நேரத்தில் பேச்சு தடுமாறி, ஆவேசம் ஏறி, நாலாவது மாடியிலிருந்து குதித்து இறந்தார். கல்கத்தா நோயாளிக்குக் கொடுத்ததும் 65 மில்லிகிராம்தான். ஆனால் அது பிசின், அதில் ஒரு பங்குதான் டி.எச்.சி. டென்வர் குக்கியில் இருந்தது அத்தனையும் டி.எச்.சி. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மொரீன் டௌட், டென்வர் ஓட்டல் அறையில் ஒரு சாக்லேட் கட்டியைத் தின்று எட்டு மணி நேரம் சுருண்டு கிடந்ததை எழுதினார். புதியவர்கள் அந்தக் கட்டியைப் பதினாறு துண்டாக்க வேண்டும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. உறையில் அது இல்லை.

ஏன் இவ்வளவு தாமதமாக ஏறுகிறது? புகைத்தால் நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். தின்றால் குடலில் உறிஞ்சி, கல்லீரலுக்குப் போய், அங்கே 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாகிறது. அதுவும் மூளைக்கு ஏறும், வீரியமானது. தெரியத் தொடங்க அரை மணியிலிருந்து ஒன்றரை மணி, சிலருக்கு இரண்டு மணி. உச்சம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள். தெளிய ஆறிலிருந்து எட்டு மணி, அளவு கூடினால் அதற்கும் மேல்.

கொலராடோ 2015 பிப்ரவரியிலிருந்து சட்டத்தை இறுக்கியது. ஒவ்வொரு 10 மில்லிகிராம் வேளையும் தனித்தனித் துண்டாக, அல்லது எளிதாக உடைக்கும்படி கோடு போட்டு. ஒரு பொட்டலத்தில் 100க்கு மேல் கூடாது என்ற வரம்பு முன்பிருந்தே உண்டு. பிறகு துண்டின் மேலேயே எச்சரிக்கைக் குறி வந்தது. 2017ல் மிருகம், பழம், மனித உருவங்களில் மிட்டாய் செய்யத் தடை வந்தது. கனடா இன்னும் கடுமை, 2019ல் பொட்டலம் முழுவதற்குமே 10 மில்லிகிராம்தான் என்றது. 2021ல் அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், ஆராய்ச்சிகளில் 5 மில்லிகிராமை ஓர் அலகாகக் கொள்ளச் சொன்னது. இந்த எண்களைச் சிலர் அதிகாரிகளின் தொந்தரவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமீரின் அடுப்பிலிருந்து இங்கே வர நாம் பட்ட பாடு அந்த எண்களுக்குள் இருக்கிறது.

வீட்டுச் சமையலறைக்கு மட்டும் அந்த எண்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. 1995ல் அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி. சராசரி 4 சதவீதம். 2014ல் 12. இன்று கடையில் 20 சதவீதப் பூ சாதாரணம். பழைய குறிப்பின்படி 7 கிராம் போட்டு 24 பிரவுனி செய்கிறீர்கள் என்று வையுங்கள். அன்றைய பூவில் இருந்தது 280 மில்லிகிராம். இன்றைய பூவில் 1,400. காய்ச்சி வடித்ததில் பாதி வீணானாலும் 700 மிஞ்சும், துண்டுக்கு 29. கொலராடோ கணக்கில் மூன்று வேளை ஒரே வாயில். அதுவும் மாவில் வெண்ணெய் சீராகக் கலந்திருந்தால். கலக்காவிட்டால் ஒரு மூலைத் துண்டில் ஒன்றுமே இருக்காது, நடுத்துண்டில் இரண்டு பங்கு இருக்கும்.

எங்கள் பகுதியில் எழுபது தாண்டிய ஒரு மாமி, மகள் வாங்கி வைத்திருந்த மிட்டாயைத் தூக்கத்துக்காக எடுத்திருக்கிறார். "ஏம்மா, பாதிதான் போட்டுண்டேன். ஒரு மணி நேரம் ஒண்ணுமே ஆகலை. சரின்னு மீதியையும் போட்டுண்டேன்" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். நடுவே ஓர் இரவு முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவில், இதயம் நின்றுவிடும் என்ற பயத்தோடு. ஊர் மாறினாலும் நூற்றாண்டு மாறினாலும் இந்த இரண்டாவது பாதிதான் ஆபத்து.

கலிபோர்னியா போல 21 வயது நிரம்பியவர்களுக்குச் சட்டம் இடம் தரும் ஊரில் வீட்டில் செய்வதானால், பூவை வைத்து ஊகிக்காதீர்கள். உரிமம் பெற்ற கடையில், ஆய்வகத்தில் சோதித்து, மொத்த மில்லிகிராம் அச்சிட்ட எண்ணெயை வாங்குங்கள். அதை உருக்கிய வெண்ணெயில் முதலில் கரைத்து, பிறகு மாவில் நன்றாக அடித்துக் கலக்குங்கள். மொத்தத்தைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 5க்கு மேல் வரக்கூடாது. முதல் தடவை என்றால் பாதித் துண்டு, 2.5. அன்றைக்கு அவ்வளவுதான், இரண்டாவது கிடையாது. மதுவோடு வேண்டாம், கார் ஓட்ட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், மனநோய் பாதிப்பு உள்ள குடும்பத்தினருக்கும் வேண்டவே வேண்டாம். இதய நோயுள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், தூக்க மாத்திரை எடுப்பவர்களும் முதலில் டாக்டரிடமோ எங்களைப் போன்றவர்களிடமோ கேளுங்கள். வயதானவர்கள் விழுந்து இடுப்பு முறிவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விருந்தாளிக்குச் சொல்லாமல் கொடுப்பது குற்றம்.

நம்மவர்களுக்கு இரண்டு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் அமெரிக்க மத்திய சட்டம் அனுமதிக்கவில்லை. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் கஞ்சா பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டால் குடியேற்ற வழக்கில் அது எதிராக நிற்கும், குடியுரிமை விண்ணப்பத்திலும் நிற்கும். ஊருக்குப் போகும் பெட்டியில் ஒரு மிட்டாய்கூட வைக்காதீர்கள். இந்தியாவில் 1985ன் போதைப்பொருள் சட்டப்படி அது கடத்தல் வழக்கு. உறையில் 10 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பது அங்கே எந்த உதவியும் செய்யாது.

இன்னொன்று குழந்தைகள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கஞ்சாத் தின்பண்டத்தைத் தின்றுவிட்டதாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு 2017ல் வந்த அழைப்புகள் 207. 2021ல் 3,054. பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே கிடைத்தவை. செய்த பிரவுனியைப் பூட்டுப் போட்ட டப்பாவில் வையுங்கள். மேலே என்ன, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். பிள்ளை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே யாருக்கும் பயந்து மறைக்காமல் 1-800-222-1222க்கு அழையுங்கள். மூச்சு மந்தமானாலோ எழுப்பினாலும் எழாவிட்டாலோ 911. முதல் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் இல்லை.